ராசா மடிக்காத இலை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தாழையூர்ச் சீமையை அழகேந்திரன் என்றொரு ராசா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் "அடுத்து என்ன?" என்று கேட்காமல் அவரால் அரை நாழிகை இருக்க முடியாது. யானைமேல் ஏறினால் குதிரை எங்கே என்பார். குதிரை வந்தால் பல்லக்கு எங்கே என்பார். சாப்பாட்டிலும் அப்படித்தான்.

வயிறும் மனசும் நிறைந்தவர்கள் இலையைத் தங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருப்பது அந்தச் சீமை வழக்கம். பட்டம் கட்டி எட்டு வருசமாகியும் ராசா ஒருநாள்கூட இலையை மடித்ததில்லை. விரித்தது விரித்தபடி கிடக்க, எழுந்து போய்விடுவார்.

அரண்மனைச் சமையல்காரன் மாசிலாமணி என்னென்னவோ செய்து பார்த்தான். பத்து வகை இருபதாச்சு, இருபது நாற்பதாச்சு. இலை மட்டும் மடங்கவில்லை. சமையற்கட்டை மேற்பார்வை பார்க்கிற தாண்டவராயருக்கு இதில் உள்ளூரக் கொண்டாட்டம். மாசிலாமணியின் வேலையில் தன் மைத்துனனை உட்கார வைக்க அவருக்கு வெகுநாளாக ஆசை.

"மகாராசா, இவன் கையில் ருசியே இல்லை. நாளை மதியமும் இலை மடங்காவிட்டால், இவனைக் குடும்பத்தோடு எல்லைக்கு அந்தப்பக்கம் அனுப்பிவிடலாம்" என்றார்.

"ஆகட்டும். அடுத்து என்ன?" என்றார் ராசா.

மாசிலாமணியின் பெண்சாதி பொன்னாத்தா. சாப்பாடு முடிந்ததும் ராசாவின் இலையை எடுக்கிறவள் அவள்தான். ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. யாராவது நிமிர்ந்து பார்த்தாலே தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அறுபது வகை வச்சுப் பார்க்கட்டுமா?" என்றான் மாசிலாமணி.

"ஏங்க, நீங்க இலைக்குப் போறதைப் பார்க்கிறீங்க. நான் திரும்பி வர்றதைப் பார்க்கிறேன். வடை ஓரம் கடிச்சபடியே வருது. ஊறுகாயிலே விரல் பட்ட தடமே இல்லை. ராசா சாப்பிடறதே இல்லீங்க."

"பின்னே என்ன செய்யறாராம்?"

"எதிர்பார்த்துக்கிட்டு இருக்கார். நாளைக்கு எட்டே வகை போதும். நான் பரிமாறறேன்."

"நீயா? அப்போ தூணை யார் பிடிச்சுக்கிறது?" என்று கேட்டான் அவன், அந்தக் கவலையிலும்.

மறுநாள் மதியம் இலை போட்டாச்சு. பொரியலில் ஒரு விரல் தொட்டுவிட்டு ராசா கேட்டார்: "அடுத்து என்ன?"

பொன்னாத்தா தூணை விட்டு முன்னால் வந்தாள். கரண்டியை நீட்டினாள். இலையிலிருந்த வடையை எடுத்து வெறும் சட்டியில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! ராசா இலையிலேயே கை வைக்கிறாளே! பிடியுங்கள் இவளை!" என்று குதித்தார் தாண்டவராயர்.

ராசா கையைத் தூக்கினார். அவருக்கு எல்லாரும் வைத்துத்தான் பழக்கம். எடுத்தவர்கள் யாருமில்லை. "சும்மா இரும் ஓய். இவள் என்னதான் செய்யப் போகிறாள் என்று பார்க்கணும் எனக்கு. ம், அடுத்து என்ன?"

கூட்டு போச்சு.

"அடுத்து?"

அப்பளம் போச்சு. ராசாவுக்கு வேடிக்கையாக இருந்தது. பொரியல் போனபோது வேடிக்கை கொஞ்சம் குறைந்தது. பாயசம் போனபோது அவர் கண்ணும் அதோடேயே போனது. கரண்டி நார்த்தங்காய் ஊறுகாய்ப் பக்கம் வந்ததும், சின்னப் பிள்ளை மாதிரி இடது கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"இதைத் தொடாதே!"

"அவ்வளவு ருசிங்களா மகாராசா?" தரையைப் பார்த்தபடி கேட்டாள் பொன்னாத்தா.

"தெரியாது. இன்னும் தொடலை."

"அப்போ எதுக்குங்க மறைக்கிறீங்க?"

ராசாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண் தானாக மூடிக்கொண்டது. "அட! இது எப்போதிலிருந்து வைக்கிறீர்கள்?"

"நீங்க பட்டம் கட்டின நாளிலேருந்து அதே மூலையிலதானுங்க இருக்கு."

பருப்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் உள்ளே போனது. "இது எந்த நாட்டு அரிசி?"

"உங்க கோட்டை மதிலுக்குப் பின்னாடி விளையறதுங்க. இந்தச் சன்னல் வழியாப் பார்த்தாலே தெரியும்."

ராசா திரும்பிப் பார்த்தார். வயல் பச்சைப் பசேலென்று காற்றில் சாய்ந்து எழுந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தப் பொரியலைத் திரும்ப வைக்கிறாயா, அம்மா?" என்றார்.

சமையற்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் புதுசாக வந்தது. ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். இடையில் ஒருதரம்கூட "அடுத்து என்ன?" என்று கேட்கவில்லை. கடைசியில் இலையைக் குனிந்து பார்த்தார். உள்ளே மாசிலாமணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"இதை எந்தப் பக்கம் மடிக்கணும்?" என்று கேட்டார் ராசா.

பொன்னாத்தா கையால் காட்டிக்கொடுத்தாள். தன் பக்கமாக மடித்து, ஒரு தட்டுத் தட்டினார்.

அவள் இலையை எடுக்கக் குனிந்தாள். "நீ இரு. இந்த மாதம் முழுக்க இலை எடுக்கிற வேலை தாண்டவராயருக்கு. என்ன திரும்பி வருகிறது என்று அவரும் பார்க்கட்டும்" என்றார் ராசா. தாண்டவராயர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"மாசிலாமணி இங்கேயேதான் இருப்பான். சரி, உனக்கு அடுத்து என்ன..." என்று ஆரம்பித்த ராசா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பொன்னாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணும் வேண்டாமுங்க. பிள்ளை பசிச்சு அழுதுக்கிட்டு இருக்கும். வீட்டுக்குப் போறேன்."

அன்றைக்கு ராசா இலையில் மிஞ்சினது ஒரு கறிவேப்பிலை. என் கதையில் அதுவும் மிச்சமில்லை.