முதல் காட்டைத் தாண்டாத வைத்தியச்சி

கோயம்புத்தூரில் ஆன்லைன் விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றை மகுடபதி நடத்திவந்தார். "வீரனோ வைத்தியச்சியோ, யாராக ஆடினாலும் ஜெயிக்கலாம்" என்பதுதான் அவருடைய புது விளையாட்டின் விளம்பரம். அதை ஆடிச் சோதிக்கும் வேலையில் இருந்த ரோஸ்லினோ, வைத்தியச்சியால் முதல் காட்டையே தாண்ட முடியவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு முதலீட்டாளர்கள் வர்றாங்க. அவங்க முன்னாடி வைத்தியச்சியாவே ஆடி ஜெயிச்சுக் காட்டு. இல்லேன்னா வேலைக்கு வராதே."

மறுநாள் வந்தவர்கள் முன்னால் அவள் பணிவாகவே கேட்டாள். "சார், நாம ரெண்டு பேரும் மோதிப் பார்ப்போமா? யாரா ஆடினாலும் ஒண்ணுதானே. நீங்க வைத்தியச்சியை எடுத்துக்குங்க, நான் வீரனா வர்றேன்."

"என்னை என்ன கேனயன்னு நெனச்சியா? அவளை வச்சு ஒரு ஓநாயைக்கூடக் கொல்ல முடியாதே" என்றார் மகுடபதி சட்டென்று.

குறையை முதலில் சரிசெய்யச் சொல்லிவிட்டு வந்தவர்கள் எழுந்து போனார்கள். ரோஸ்லினின் வேலை தப்பியது.

சில நாள் கழித்து, சரிசெய்தாயிற்று என்று மகுடபதியே வந்து சொன்னார். அவள் ஆடிப் பார்த்தாள். வைத்தியச்சியின் மருந்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு, கையில் ஒரு வாளைக் கொடுத்திருந்தார்கள். காட்டில் காயம்பட்டுக் கிடந்தவர்களைத் தாண்டி, வைத்தியச்சியும் வெட்டிக்கொண்டே போனாள்.