பந்தை விடாத நீர்நாய்

ஏரியின் நடுவே ஆழமான மடு ஒன்று இருந்தது. கோடையில் எல்லாக் குளங்களும் வற்றினாலும் அது மட்டும் வற்றாது. அதற்காக ஆண்டுதோறும் அங்கே வாழும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையே நீர்ப்பந்துப் போட்டி நடக்கும். ஜெயித்த நாட்டுக்குக் கோடை முழுவதும் மடு சொந்தம். தோற்றவர்கள் சேற்றில் கிடந்து மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்!

அந்த ஆண்டு வாத்து நாடு முதல் ஆட்டத்திலேயே தோற்றது. பாதி ஆட்டத்தில் புழு பிடிக்கப் போனால் வேறென்ன ஆகும்? இறுதி ஆட்டத்தில் நீர்நாய் நாடும் ஆமை நாடும் மோதின. காய்ந்த சுரைக்குடுக்கைதான் பந்து. நாரைதான் நடுவர்.

பந்து வைத்திருப்பவரை எதிராளி தண்ணீருக்குள் அழுத்தலாம். அவர் பந்தை விட்டதும் அவரையும் விட்டுவிட வேண்டும். இது விதி.

இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. கடைசி நேரத்தில் துள்ளி என்ற நீர்நாய்க்குப் பந்து கிடைத்தது. உடனே கருவோடன் என்ற ஆமை அவன்மேல் ஏறி அமுக்கத் தொடங்கியது.

"பந்தை விடுடா!"

"மாட்டேன்! என் தங்கச்சி இன்னும் கண்ணே திறக்கல. சேத்துல அவ எப்படிப் பிழைப்பா?"

கருவோடனுக்கும் கரையில் குஞ்சுகள் இருந்தன. அது இன்னும் அழுத்தியது. துள்ளியின் வாயிலிருந்து குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன. ஆனால் பந்தைப் பிடித்திருந்த அவன் பிடி தளரவில்லை.

"ஐயோ, மூச்சு நின்னுடுச்சே!"

கருவோடன் பதறிப்போய் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியது. பக்கத்தில் இருந்த கரை ஆமைகளின் கோலுக்குப் பின்னால் இருந்தது.

"எங்கடா போற? அது நம்ம கோல்!" என்று ஆமைகள் கத்தின. கருவோடன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோலுக்குள் புகுந்து கரைக்குப் போனது.

"கோல்!" என்றது நாரை. "யார் முதுகில் வந்தாலும் பந்து பந்துதான்!"

கரையில் வயிற்றை அமுக்கியதும் துள்ளி தண்ணீரைக் கக்கிக் கண் விழித்தான்.

"பந்து எங்கே?"

"உன் கையிலதான் இருக்கு, பைத்தியக்காரா! நீங்க ஜெயிச்சிட்டீங்க."

சொல்லிவிட்டுக் கருவோடன் தன் குஞ்சுகளைப் பார்த்தது. அதன் கண் கலங்கியது. துள்ளிக்கும் அழுகை வந்துவிட்டது.

"மடு பெரிசுண்ணே. குஞ்சுகளைக் கூட்டிட்டு வாங்க, எல்லாரும் வாங்க!"

அந்தக் கோடையில்தான் துள்ளியின் தங்கை கண் திறந்தாள். அவள் முதலில் பார்த்தது, தன்னையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆமைக் குஞ்சுகளைத்தான்.

எதிராளியின் உயிரைக் காப்பதற்காகத் தோற்றவரை, ஜெயித்தவரும் தம்மவராக ஏற்றுக்கொள்வார்.