ஆரஞ்சு காருக்கு அடியில வெளிச்சம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில காத்து அடிச்சா ஆடுகூட ஒரு பக்கமாச் சாஞ்சுதான் மேயும். அந்தக் காத்துல, நாலுவழிச் சாலை ஓரமா, ஒரு ஆரஞ்சு கலர் ஸ்போர்ட்ஸ் கார் படுத்துக் கெடந்துச்சு.

நின்னுச்சுன்னு சொல்ல முடியாது. அவ்வளவு தாழ்வு. வயித்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு சப்பாத்தி போகும். பூரி போகாது.

வழியில நின்னுபோன கார ஏத்திட்டுப் போற ரெக்கவரி வண்டியில வந்து எறங்கின தாணுமூர்த்தி காரச் சுத்தி ஒரு நடை நடந்தார்.

"இது காரா, இல்ல யாராவது மிதிச்சுட்டுப் போன காரா?"

காரோட டிரைவர் நவநீதன் சிரிக்கல. அவனுக்கு அழுகைதான் முட்டுச்சு. கார் அவனோடது இல்ல. மொதலாளி கன்னியாகுமரியில ஒரு கல்யாண வீட்டு வாசல்ல காரப் பாத்துக் காத்துட்டு நிக்காரு. கோயம்புத்தூர்லருந்து பூவத் தூக்கிட்டு வர்ற மாதிரி ஓட்டிட்டு வந்தான். கணவாய்க் காத்தக் கண்டதும் கார் மூச்ச விட்டிருச்சு.

"அண்ணே, ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் நான் அப்பிடியே கடல்ல எறங்கிருவேன்."

"கன்னியாகுமரியில மூணு கடல் இருக்கு தம்பி. எதுல?"

வண்டிக்குள்ளருந்து பெனிட்டா எறங்கினா. ரெக்கவரி வண்டி அவளோடது. தாணுமூர்த்தியோட மூத்த மகள விட நாலஞ்சு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துல சிலம்பமும் வர்மமும் சொல்லித்தர்ற பெரியவங்களத்தான் ஆசான்னு கூப்பிடுவாங்க. தாணுமூர்த்தி அவள ஆசானேன்னுதான் கூப்பிடுவார். கேலிக்கு வச்ச பேரு. அவ ஒருநாளும் வேண்டாம்னு சொன்னதில்ல. சிரிச்சதும் இல்ல.

தாணுமூர்த்தி லேசுப்பட்ட ஆளா? முன்னாடி கிரேன் ஓட்டினவரு. கவுந்த டேங்கர், வாய்க்கால்ல விழுந்த பஸ், பாலத்துல தொங்கின கல்லு லாரின்னு எல்லாத்தையும் ஓடையில மீன் பிடிக்கிற மாதிரித் தூக்கிப் போட்டவரு. கிரேன் மொதலாளி தொழில மூடிட்டாரு. அப்புறம்தான் பெனிட்டாகிட்ட கார் ஏத்தப் பழக வந்தாரு.

போன வாரம் ஒரு தாழ்வான கார ஏத்தினாரு. ஏறிச்சு. முன் பம்பர் மட்டும் ஏறல. ரோட்டுலயே தங்கிருச்சு.

பெனிட்டா ஒரு வார்த்தை சொல்லல. ஒடஞ்ச பம்பர்லருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்து, ரெக்கவரி வண்டியில ஸ்டீயரிங்குக்கு முன்னாடி வச்சா. தாணுமூர்த்தி அதுக்கு முன்னால ஊதுபத்தி கொளுத்தட்டுமான்னு கேட்டாரு. அவ கதவச் சாத்திட்டு வண்டிய எடுத்தா.

இன்னைக்குக் காலையில மட்டும் சொன்னா, "அண்ணாச்சி, இனி ஒரு கீறல் விழுந்தா வண்டிச் சாவிய எங்கிட்டத் தந்திருங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்."

அதுலருந்து தாணுமூர்த்தியோட வாய் வழக்கத்த விட அதிகமா ஓடிட்டு இருந்துச்சு. பயம் வந்தா அவருக்கு நாக்குலதான் வேர்க்கும்.

வழியிலயே கேட்டும் பாத்தாரு. "ஆசானே, டேங்கரையே தூக்கின கை இது. இந்தச் சப்பாத்தி வண்டியெல்லாம் மட்டும் ஏன் எங்கிட்ட ஒடையுது?"

"பாப்போம்"னா அவ.

இப்ப பாக்குற நேரம் வந்தாச்சு.

தாணுமூர்த்தி ரெக்கவரி வண்டிய காருக்கு முன்னாடி நிறுத்தி, கார ஏத்துற பின்னாடித் தட்டைச் சரிச்சு எறக்கினாரு. தட்டோட நுனியில பலகை போட்டாரு. மோட்டார்ல சுத்தி இழுக்குற வின்ச் கயித்தக் கொண்டாந்து கார் மூக்குல இருந்த வளையத்துல மாட்டினாரு. ரிமோட்ட அமுக்கினாரு. கார் ஒரு முழம் நகந்துச்சு.

"நிறுத்துங்க!" நவநீதன் கத்தினான்.

மூக்குக்கும் பலகைக்கும் நடுவுல காத்துகூட கஷ்டப்பட்டுத்தான் போயிட்டு இருந்துச்சு.

இன்னொரு பலகை போட்டாரு. மூக்கு தப்பிச்சா வயிறு தட்டும். வயித்துக்குப் பலகை போட்டா மறுபடி மூக்கு தட்டும். வண்டியில இருந்த பலகை எல்லாம் தீந்து போச்சு. தாணுமூர்த்தி நெத்தியத் தொடச்சாரு.

"ஜாக்கி போட்டு மூக்கத் தூக்கிருவோம். வேற வழியே இல்ல. தூக்கித்தான் ஆகணும்."

"ஐயோ, ஜாக்கியா! எங்க வைப்பீங்க? அடியில பூராவும் பிளாஸ்டிக்குண்ணே!"

"பொறந்த பிள்ளயக்கூட தலைகீழாத் தூக்குறாங்க தம்பி. ஒங்க வண்டிய எங்கயுமே தொடக்கூடாதுன்னா, நான் மந்திரிச்சா ஏத்துறது?"

பெனிட்டா இவங்கள கவனிக்கவே இல்ல. ரோட்டோரமா நின்னு கீழ பாத்துட்டு இருந்தா.

ரோடு போட்ட காலத்துல மண்ணுக்காகத் தோண்டின பள்ளம் அது. ரோட்டு விளிம்ப ஒட்டி இடுப்புக்கு மேல ஆழம். அந்தப் பக்கம் மண் லாரி எறங்குன சரிவு ஒண்ணு இருந்துச்சு. அடியில மழத்தண்ணி நின்னு செஞ்சேறாக் கெடந்துச்சு.

அவ வின்ச் கயித்தக் கழத்தி, சரிஞ்ச தட்ட மறுபடி மட்டமாக்கினா. வண்டியில ஏறினா. சுத்திப் போய், சரிவு வழியாப் பள்ளத்துக்குள்ள எறக்கினா.

தாணுமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஆசானே! அது சேறு! வண்டி பொதஞ்சிரும்!"

"பொதையும்."

"நம்ம சோறே அந்த வண்டிதான!"

"ஆமா. பலகைய எடுத்துட்டு வாங்க."

ரிவர்ஸ்ல வந்தா. சேறு சக்கரத்தப் பிடிச்சு உறிஞ்சுச்சு. வண்டியோட பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா ரோட்டு விளிம்பப் பாத்து வந்துச்சு. விளிம்புல தொட்டு நின்னப்ப தாணுமூர்த்தி தன் கண்ணையே நம்பல.

தட்டும் ரோடும் ஒரே மட்டம். வண்டியோட சக்கரமே கண்ணுக்குத் தெரியல. ரோடு ஒரு கைய நீட்டின மாதிரி இருந்துச்சு. நடுவுல இருந்த சின்ன இடைவெளிய ரெண்டு பலகை மூடிருச்சு.

நவநீதன் ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டான். நியூட்ரல்ல போட்டு, மத்த ரெண்டு பேருமாத் தள்ளி, கார மெல்லப் பள்ளத்தப் பாத்துத் திருப்பினாங்க. தாணுமூர்த்தி கயித்த வளையத்துல மாட்டிட்டு, ரிமோட்டுக்காகக் கை நீட்டினாரு. பெனிட்டா தரல.

"நீங்க கீழ எறங்குங்க."

"எங்க?"

"பள்ளத்துல. விளிம்புகிட்ட போய் நில்லுங்க. காருக்கு அடியில வெளிச்சம் தெரியும். அத மட்டும் பாத்துட்டே இருங்க. எங்கயாவது அறுந்தா கைய தூக்குங்க."

"நான் கிரேன்ல எட்டாள் ஒசரத்துல ஒக்காந்தவன் ஆசானே. இப்ப என்னைய தவளையா ஆக்கிட்டீங்களே."

சொல்லிட்டே எறங்கினாரு. சேறு முட்டி வர வந்துச்சு. ஒத்தச் செருப்பு உள்ளயே தங்கிருச்சு. வேட்டியத் தூக்கிக் கட்டிட்டு விளிம்புகிட்ட போய்த் தலைய நீட்டினாரு. ரோடு அவரு கண்ணு மட்டத்துல இருந்துச்சு.

வின்ச் முனக ஆரம்பிச்சுது.

கார் வந்துச்சு.

மேலருந்து பாத்தப்ப அது சப்பாத்தி. கீழருந்து பாத்தா ஒரு பெரிய கப்பல் கரையத் தேடி வர்ற மாதிரி இருந்துச்சு. அந்த ஆரஞ்சு மூக்கு வானத்துல பாதிய மறைச்சுது. அதுக்கு அடியில, நூல் கட்டின மாதிரி, ஒரு கோடு வெளிச்சம். அந்தக் கோட்டுக்குள்ள ஒரு ஒலகமே இருந்துச்சு. தூரத்துல கரண்டு எடுக்குற காத்தாடிங்க வரிசையாச் சுத்திட்டு இருந்துச்சு. அதுக்கும் பின்னால மலையோட அடிவாரம். ஒரு ஆடு. ரோட்டுல பறந்து போற ஒரு காகிதம். எல்லாமே அந்த ஒரு விரல் இடைவெளிக்குள்ள.

மூக்கு பலகைய நெருங்குச்சு. கோடு மெலிஞ்சுது. தாணுமூர்த்தியோட கை பாதி தூக்கினபடி நின்னுச்சு.

அறுந்துருமோ?

அறுபடல.

முன்சக்கரம் பலகையில ஏறுன சத்தம்கூட கேக்கல. வயிறு விளிம்பத் தாண்டுச்சு. கோடு கூடவே வந்துச்சு. அவரோட மொகத்துக்கு நேரா, ஒரு சாண் தூரத்துல, அந்த வெளிச்சம் முழுசாக் கடந்து போச்சு. அவரு வாய் தொறந்தே இருந்துச்சு. பேச்சு மட்டும் வரல.

மேல வின்ச் நின்னுச்சு.

"அண்ணாச்சி?"

பெனிட்டா விளிம்புகிட்ட வந்து எட்டிப் பாத்தா.

"அண்ணாச்சி, அறுந்துச்சா?"

தாணுமூர்த்தி தலைய மட்டும் ஆட்டினாரு. இல்ல.

மேல ஏறி வந்ததும் பழக்கத்துல சங்கிலிய எடுத்தாரு. பெனிட்டா அவர் கையிலருந்து அத வாங்கிட்டு, துணி பெல்ட்ட நீட்டினா. "வண்டியக் கட்டாதீங்க. சக்கரத்தக் கட்டுங்க. ஒடம்பு அது இஷ்டத்துக்கு ஆடட்டும்."

நாலு சக்கரத்தையும் அவரே கட்டினாரு. பிள்ளைக்குப் பள்ளிக்கூட பெல்ட் போடுற மாதிரிப் பாத்துப் பாத்துக் கட்டினாரு.

இனி வண்டி சேத்துலருந்து ஏறணும். மேல கார் வேற. பெனிட்டா சாவிய நீட்டினா.

"நீங்க எடுங்க."

"நானா?"

"சேத்துலருந்து வண்டி எடுக்க எனக்கு உங்க அளவுக்கு வராது."

அவரு பலகை எல்லாத்தையும் கொண்டு வந்து ரெக்கவரி வண்டியோட சக்கரத்துக்கு முன்னாடிப் போட்டாரு. காரோட மூக்குக்குன்னு வச்ச பலகை. ஒத்தச் செருப்போட ஏறி ஒக்காந்தாரு. காலு ஆக்ஸிலேட்டர அமுக்கத் துடிச்சுது. அந்தக் கோடு ஞாபகம் வந்துச்சு. பாதத்த லேசா, தூங்குறவன எழுப்பாமத் தாண்டிப் போற மாதிரி வச்சாரு. சக்கரம் ஒருதரம் வழுக்குச்சு. ரெண்டாவது தரம் பலகையப் பிடிச்சுது. சேறு பெருசா ஒரு முத்தம் குடுத்துட்டு விட்டுருச்சு.

ரோட்டுல ஏறி நின்னதும் நவநீதன் தட்டுல தாவி ஏறினான். மூக்குலருந்து வால் வரைக்கும் தடவிப் பாத்தான். குனிஞ்சு அடியிலயும் பாத்தான். அப்புறம் காருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

"ஒண்ணுமே இல்லண்ணே! ஒரு கோடுகூட இல்ல!"

"இருந்துச்சு தம்பி. நான் பாத்தேன்"னாரு தாணுமூர்த்தி. நவநீதனுக்குப் புரியல.

தாணுமூர்த்தி அந்தப் பம்பர் துண்டக் கையில எடுத்தாரு. "ஆசானே, இனி இத வெளிய போடலாமா?"

"இருக்கட்டும். நாளைக்கு ஓட்டும்போது கண்ணாடிய மறைக்காம வச்சுக்கிடுங்க."

நாளைக்குன்னு சொன்னா. அவரு காதுல அது விழுந்துச்சு. துண்ட எடுத்த எடத்துலயே மெல்ல வச்சாரு.

பெனிட்டா கேன்லருந்து தண்ணி ஊத்தினா. அவரு காலக் கழுவிட்டே தலைய நிமுத்தாமக் கேட்டாரு.

"ஆசானே." இந்தத் தடவ அந்தப் பேருல கேலி இல்ல. "பஸ்ஸு, டேங்கர், லாரி. எத்தனையத் தூக்கியிருப்பேன்! அத்தனைக்கு அடியிலயும் இப்பிடி ஒரு வெளிச்சம் இருந்திருக்கும்லா. ஒருநாள்கூட என் கண்ணுல ஏன் படல?"

அவ தண்ணி ஊத்துறத நிறுத்தல.

"தூக்குறவன் மேலதான அண்ணாச்சி நிப்பான்."

தாணுமூர்த்தி எதுவோ சொல்ல வாயத் தொறந்தாரு. கணவாய்க் காத்து உள்ள போச்சு. அவரு வாய மூடிக்கிட்டாரு.