சுவரில் வரைந்த கால்கள்

கால்பந்து சங்கத் தலைவர் கிளாரன்ஸ், மைதானச் சுவரைக் காட்டி பெயிண்டர் வியாகப்பனிடம் சொன்னார்: "உலகத்திலேயே பந்துல வித்தை காட்டினவன் யாரோ, அவன் படத்தை நாலு மணிக்குள்ள வரை. ஒருத்தன் குறை சொன்னாலும் இந்த ஊர்ல உனக்கு வேலை கிடையாது."

அந்தக் கடற்கரை ஊரில் பாதி வீடுகளில் பிரேசில் கொடி, பாதி வீடுகளில் அர்ஜென்டினா கொடி. எந்த முகத்தை வரைந்தாலும் மறுபாதி கல்லெடுக்கும். தலைவருக்கோ தன் முகமே வர வேண்டுமென்று ஆசை.

நாலு மணிக்கு ஊரே கூடியது. சுவரில் சேறு படிந்த இரண்டு கால்களும் ஒரு பந்தும் மட்டும்தான் இருந்தன.

"முகம் எங்கடே?" என்றார் தலைவர்.

"வித்தை காட்டினது கால்தானே, தலைவரே." என்றான் வியாகப்பன்.

"எங்க ஆளு காலு!" என்று பிரேசில்காரர்கள் கைதட்டினார்கள். அர்ஜென்டினாக்காரர்களும் அதையே சொல்லிக் கைதட்டினார்கள். தலைவருக்குப் பொறுக்கவில்லை. "அது என் காலுடே!" என்றார்.

கூட்டத்தில் நின்ற மீன்காரி லூர்தம்மாள், தன் காலடியில் கிடந்த நிஜப் பந்தை அவரை நோக்கித் தட்டிவிட்டாள். அது அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போய்ச் சுவரில் முட்டியது.

வியாகப்பன் பிரஷ்ஷைக் கையில் எடுத்தான்.

"மன்னிக்கணும், தலைவரே. ரெண்டு காலையும் நெருக்கமா வரைஞ்சுட்டேன். உங்க காலுன்னா, கொஞ்சம் அகட்டி வரையட்டுமா?"