தில்லைநாயகியின் இடது கை

தில்லைநாயகிக்கு ஐம்பத்து நாலு வயது. அவளுடைய குருவுக்கு இருபத்தொன்பது.

குரு என்றதும் காவியையும் தாடியையும் தேட வேண்டாம். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பிசியோதெரபி பார்க்கிற ஜெசிந்தாதான். மார்பில் ஆபரேஷன் ஆகி, அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு சில பெண்களுக்குக் கை வீங்கும். அந்த வீக்கத்தை வீட்டில் தாங்களாகவே தடவி வடிய வைக்கக் கற்றுக்கொடுப்பவள். 'குருவே' என்று கேலியாக ஆரம்பித்தது தில்லைநாயகி. அதுவே நிலைத்துவிட்டது.

தடவக் கற்றுக்கொண்டு போய், மூன்று வாரம் கழித்து வந்தவள் இடது கையை நீட்டினாள். ஜெசிந்தா முழங்கைக்கு மேலே டேப்பைச் சுற்றினாள்.

"ரெண்டு சென்டிமீட்டர்."

"குறைஞ்சிருக்கா குருவே?"

"கூடியிருக்கும்மா."

"நல்லாயிருக்கு. இருபதாம் தேதி மகனுக்கு நிச்சயதார்த்தம். ரவிக்கை முழங்கையைத் தாண்ட மாட்டேங்குது. ஒரு கை சின்னது, ஒரு கை பெரிசுன்னு தைச்சுப் போட்டுக்கிட்டு சம்பந்தி வீட்டு முன்னால நிக்கிறதுக்கு, நான் போகாமலே இருந்துடுவேன். வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு."

"தினமும் தடவினீங்களா?"

"தடவறதாவது. விளக்கெண்ணெயைச் சுட வச்சு, சப்பாத்தி மாவு கணக்கா பிசைஞ்சேன். ஒரு நாள் விடல. இந்தச் சனியன் அசைஞ்சாத்தானே."

ஜெசிந்தா கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ச்சல் இருந்ததா, சிவந்து சூடாக இருந்ததா என்று கேட்டாள். இல்லை. பிசைந்த விரல்தடங்கள்தான் கன்றியிருந்தன.

"மெதுவான்னு சொன்னேனேம்மா."

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா? அதைச் சரியாச் சொல்லித் தொலையேன்."

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கண்களை மூடிக்கொண்டாள்.

"இமையைத் தடவுங்க."

"யாரோட இமையை?"

"என்னோடதை."

தில்லைநாயகி முந்தானையில் விரலைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டாள். அடியில் விழி லேசாக உருண்டது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"வலிச்சுதா கண்ணு?"

"இல்லம்மா. இன்னொரு தடவை."

இந்த முறை தோல் மட்டும் நகர்ந்தது. பெற்ற பிள்ளைக்கு மை தீட்டினபோதுகூட அவள் இவ்வளவு பயந்ததில்லை.

"இந்த அழுத்தம்தான்," என்றாள் ஜெசிந்தா, கண்ணைத் திறக்காமலே. "முதல்ல கழுத்து. அப்புறம் வலது அக்குள். அங்கே நீர் வடிய வழி விட்ட பிறகுதான் வீங்கின கைக்கு வரணும். எண்ணெய் வேண்டாம், சூடும் வேண்டாம். முடிஞ்சதும் நான் கொடுத்த, கையை இறுக்கிப் பிடிக்கிற உறையை மாட்டிக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"தினமும்."

"அது தெரியும். எத்தனை நாளைக்கு?"

"தினமும்மா."

தில்லைநாயகி வீங்கிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருபதாம் தேதிக்குள்ள ரவிக்கை ஏறுமா?"

"ஏறாது."

"அப்புறம் எதுக்கு இதைச் சீராட்டணும்? உன் கண்ணு, அடுத்த வீட்டுப் பொண்ணு கண்ணுன்னு பயந்து பயந்து தொட்டேன். இது நம்ம கைதானே. எப்படிப் பிடிச்சா என்ன?"

ஜெசிந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வீங்கிய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா. இதையும் அடுத்த வீட்டுப் பிள்ளைன்னே வச்சுக்குவோம். உங்களை நம்பி விட்டிருக்காங்க. இருபதாம் தேதி நிச்சயத்துக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். கூட்டத்துல எப்படிப் பிடிச்சுக்குவீங்க?"