துண்டு கிடந்த இடம்

ஒரு ஊரில் சுடர்க்கொடி என்று ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய கீழ்த்தாடைக்குள், எலும்புக்கு நடுவே, ஒரு இளம்பல் இருந்தது. வெளிச்சம் பார்த்ததில்லை. கண் கிடையாது. காது உண்டு. எலும்பு வழியாக எல்லாம் கேட்கும்.

அதன் தலைக்கு நேர் மேலே ஒரு பால்பல் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, மேல என்ன சத்தம்?"

"முறுக்கு. பேசாமக் கெட, மெல்லணும்."

"நான் எப்ப வர?"

"பொறந்ததும் பறக்காதே. வேர் விட்டு மெதுவா எழும்பி வா. வந்து என்னை முட்டு. நான் எந்திரிச்சுக்கிறேன். அதுவரைக்கும் இந்த இடத்துல எவனும் உட்கார முடியாது."

பால்பல்லின் வேலை அவ்வளவுதான். மெல்லுவது பாதி, உட்கார்ந்திருப்பது பாதி.

அதற்குப் பின்னால் பெரிய கடைவாய்ப்பல் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. நிரந்தரப்பல். போனால் திரும்ப வராது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அதையும் பால்பல் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். ஆள் பெரிய உடம்பு, சரியான தூங்குமூஞ்சி. பக்கத்தில் தோள் கண்டால் சாயும்.

"சாயாதேடா! நிமிந்து நில்லு" என்று பால்பல் அதட்டும்.

"சரிண்ணே" என்று அது நிமிரும்.

சுடருக்கு ராத்திரி பாலைக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் தூங்குகிற பழக்கம். பால்பல்லில் குழி விழுந்தது. குழி வேருக்கு இறங்கியது. பிள்ளை அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. அப்பன் வேல்மயில் அவளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பல் டாக்டரம்மா முன்னால் நின்றான்.

"வேரைச் சுத்தம் பண்ணி மூடி போட்டுடலாம். விழற வயசு வரைக்கும் நிக்கும்" என்றார் டாக்டரம்மா.

"விழப்போற பல்லுக்கு மூடியா? பால்பல்தானே டாக்டரம்மா. பிடுங்கி எறிங்க."

"எடுத்தா அந்த இடத்தைக் காப்பாத்த ஒரு கம்பி வளையமாவது மாட்டணும்."

"இல்லாத பல்லுக்கு வளையமா? நல்ல கதையா இருக்கே!"

கீழே இளம்பல்லுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பிறகு தட்டில் இடுக்கி உரசும் சத்தம், ஒரு ஆட்டம், ஒரு இழுப்பு.

"அண்ணே?"

மேலே அண்ணன் இருந்த இடம் காலி.

வலி நின்றது. பிள்ளை சிரித்தாள். வீட்டில் எல்லாரும் அதை மறந்தார்கள். வாய்க்குள்ளேதான் வேறு கதை. பெரிய பல் ஒரு நாள் லேசாகச் சாய்ந்தது. அதட்ட ஆளில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

வருஷங்கள் போயின. வேர் விட்டு, எலும்பைத் துளைத்து, சொன்னபடி எழும்பி வந்தது இளம்பல். தலையில் ஏதோ இடித்தது. அண்ணன் இல்லை, எவனோ ஒருவனுடைய விலா.

"யாருடா கீழ இடிக்கிறது?"

"நான்தான். இது என் இடம்."

"உன் இடமா? காலியால்ல கெடந்துச்சு!"

"சாயாதேன்னு அண்ணன் சொல்லலையா?"

"சொல்லத்தான் ஆள் இல்லையே" என்றது பெரிய பல். அதன் குரலில் திமிர் இல்லை. "வேணும்னு செய்யலைடா. பக்கத்துல ஒண்ணும் இல்லேன்னா உடம்பு தானா போகுது."

மேலே வழியில்லை. உள்ளேயே இருந்தால் கடைசிவரைக்கும் புதைந்தே கிடக்கவேண்டியதுதான். இளம்பல் நாக்குப் பக்கம் திரும்பிக் கோணலாக முளைத்தது. நாக்கு அலறியது. சோறு போன பக்கமெல்லாம் புண். சொல் குழறுகிறது என்று பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் சுடரை முதல் வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டே பேசப் பழகினாள்.

மறுபடி டவுன். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கம்பி மாட்ட நாள் குறித்தார்கள்.

அன்று வேல்மயில் சின்னவளையும் கூட்டிக்கொண்டான். பெயர் தளிர். அவளுக்கும் ஒரு பால்பல் கறுத்துப்போயிருந்தது. "போறதோட போறது, அதையும் பிடுங்கிட்டு வந்திருவோம்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பஸ்ஸில் கூட்டம். ஜன்னல் வழியாகத் தோள்துண்டை சீட்டில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவதற்குள் ஒருத்தன் அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஓய், துண்டு போட்டிருக்கேன், கண்ணு தெரியல?"

"துண்டுதானேய்யா கெடந்துச்சு. ஆளா உக்காந்திருந்துச்சு?"

"துண்டுதானேவா? துண்டு கெடந்தா ஆள் வருதுன்னு அர்த்தம்! பச்சப்புள்ளைக வருது, எந்திரி!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான். சுடரின் தாடைக்குள் அந்தச் சத்தம் எலும்பெல்லாம் அதிர இறங்கியது. இளம்பல் பல்லைக் கடிக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா கம்பியை மாட்டி முறுக்கினார்.

"பின்னால போ" என்றது கம்பி.

"வலிக்குது" என்றது பெரிய பல்.

"வலிக்கத்தான் செய்யும். போ."

"எத்தனை நாளாகும்?" என்று இளம்பல் கேட்டது.

"நாளா? வருஷம் கேளு. உங்கண்ணன் சும்மா உட்கார்ந்தே செஞ்ச வேலை. நான் இழுத்துக் கட்டிச் செய்யணும்."

வெளியே வேல்மயிலின் குரல் கேட்டது. "ஏன் டாக்டரம்மா, இந்தப் பெரிய பல்லு எதுக்கு அடுத்தவன் இடத்துக்கு வந்துச்சு?"

"அங்க இருந்த பால்பல்லை எடுத்துட்டோமே. காலியா கெடந்துச்சு, வந்துருச்சு."

"காலியா கெடந்துச்சா…" என்று அவன் முணுமுணுத்தான்.

"சரி, சின்னவளை உக்கார வைங்க. பிடுங்கணும்னு வந்ததுமே சொன்னீங்கள்ல?"

நாற்காலி கிறீச்சிட்டது. தட்டில் இடுக்கி உரசியது. அந்தச் சத்தத்தை இளம்பல் மறந்ததில்லை. தளிரின் தாடைக்குள்ளும் தன்னைப்போல் ஒருவன் கிடப்பான். 'அண்ணே, என்ன சத்தம்?' என்று இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பான். அடுத்து அப்பன் சொல்லப்போகும் சொல்லும் இளம்பல்லுக்குத் தெரியும்.

அந்தச் சொல் வரவில்லை.

வேல்மயில் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

"வேண்டாம். மூடியே போட்டுருங்க."

"பால்பல்தானேன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"துண்டு கெடக்கு டாக்டரம்மா. ஆள் வருது."