ரெஜினா கொண்டுவந்த கப்பல்

கிழக்குக் கடற்கரையில் ஒரு துறைமுகம். அங்கே சிவசைலம் என்று ஒரு பைலட் இருந்தார். விமானம் ஓட்டுகிற பைலட் அல்ல. வெளிக்கடலில் காத்து நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், நூலேணி பிடித்து ஏறி, அதன் கேப்டனுக்கு வழி சொல்லித் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிறவர். கேப்டன் எத்தனை கடல் கண்டவராக இருந்தாலும் இந்தக் கடலின் அடித்தரை அவருக்குத் தெரியாது. பைலட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவரிடம் தொழில் கற்றவள் ரெஜினா மச்சாது. பல வருஷம் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், ராத்திரி வீடு திரும்புகிற மாதிரி ஒரு வேலை வேண்டும் என்று இங்கே வந்தாள். சிவசைலத்தைவிட மூன்று வயது மூத்தவள். முதல் நாள் அவள் "சார்" என்றாள். அவர் "அக்கா" என்றார். பிறகு இருவருமே அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பைலட் லைசென்ஸ் வாங்குவது லேசான காரியமல்ல. தேர்வில் ஒரு வெள்ளைத்தாளை முன்னால் வைப்பார்கள். துறைமுகம் முழுவதையும் நினைவிலிருந்து அதில் வரைய வேண்டும். எங்கே எவ்வளவு ஆழம், எங்கே பாறை, எங்கே மிதவை, எந்த விளக்கு எப்படி மின்னும், எல்லாம். அதன் பிறகு நாலு பேர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். ரெஜினா இரண்டு முறை தோற்றாள். இரண்டாம் முறை தோற்றபோது, வீட்டுக்குப் போகாமல் கடற்கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் முறை தேறினாள். அந்தத் துறைமுகத்தில் பெண் ஒருத்தி பைலட் ஆனது அதுதான் முதல்.

தேறிய பிறகு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விடியுமுன் விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்தால் படிக்க ஒன்றும் இருக்காது. சப்பாத்திப் பலகையில் மாவைத் தூவினால், கப்பல் வரும் பாதையின் வளைவை விரல் தானாக அதில் இழுத்துவிடும்.

"பரீட்சை இன்னும் முடியலையா?" என்று கணவர் அருளப்பன் கேட்டார்.

அவள் மாவை அழித்துவிட்டுச் சப்பாத்தியைத் தேய்த்தாள்.

அந்த வாரம் அவள் சிவசைலத்தைத் தேடிப் போனாள். அவர் பைலட்டுகளின் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சார்."

"கேளுங்கக்கா."

"எங்க தெரு முனையில பசங்க ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்க. என் ஃபோட்டோவைப் பெருசாப் போட்டு."

"பார்த்தேன்."

"வெக்கமா இருந்துச்சு. அடுத்த தெரு வழியாச் சுத்திப் போனேன்."

"சரி."

"நேத்து யாரும் இல்லாத நேரமாப் பார்த்து, நானே போய் அது முன்னால நின்னேன். கொஞ்ச நேரம் இல்ல, ரொம்ப நேரம்."

சிவசைலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா வள்ளத்துல மீன்பிடிக்கப் போனவரு. கர்வம் ஏறுன வள்ளம் கரை சேராதும்பாரு. எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு பெருமையா இருக்கு சார். இதை வச்சுக்கிட்டு நான் கப்பல்ல ஏறலாமா?"

"ஃபோட்டோ நல்லா வந்திருக்கா?"

அவள் யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு."

"நாளைக்குக் காலைல நிலக்கரிக் கப்பல் ஒண்ணு வருது. நீங்க கொண்டுவாங்க. நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு சார்? அதான் லைசென்ஸ் வந்துடுச்சே."

"சும்மாதான்" என்றார்.

மறுநாள் காலை இருவரும் படகில் போனார்கள். கப்பல் ஒரு தெருவின் நீளம் இருந்தது. ரெஜினா முதலில் ஏணியில் ஏறினாள். சிவசைலம் பின்னால் ஏறினார்.

மேல்தளத்தில் கப்பலைச் செலுத்தும் அறையில் கேப்டன் காத்திருந்தார். ஏதோ குளிர்நாட்டுக்காரர், நரைத்த தாடி. அவர் நேராகச் சிவசைலத்திடம் வந்து கை நீட்டினார்.

சிவசைலம் கை குலுக்கிவிட்டு, "பைலட் அவர்" என்று ரெஜினாவைக் காட்டினார்.

கேப்டன் அவள் பக்கம் திரும்பினார். "எத்தனை காலமாக இந்த வேலையில் இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதுதான் என் முதல் கப்பல். நான் சொல்வதில் ஏதாவது தவறாகப் பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்" என்றாள் ரெஜினா.

அடக்கமாகப் பேசிவிட்டோம் என்று அவளுக்குத் திருப்தி. கேப்டனின் முகம் இறுகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

கப்பல் நகர்ந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சுக்கானை இந்தப் பக்கம் இவ்வளவு திருப்புங்கள், வேகம் இவ்வளவு போதும் என்று. ஒவ்வொரு முறையும் கேப்டன் சிவசைலத்தின் முகத்தைப் பார்ப்பார். அவர் தலையசைப்பார். அதன் பிறகுதான் கேப்டன் தன் ஆட்களுக்கு உத்தரவு சொல்வார். வெளிக்கடலில் அந்தத் தாமதத்தால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

துறைமுக வாசல் நெருங்கியது. இரண்டு பக்கமும் கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய சுவர், நடுவில் இடைவெளி. அந்த நேரம் பார்த்துத் தெற்கிலிருந்து காற்று ஏறியது. எதிரே கரையில் இரண்டு கம்பங்கள் உண்டு. கப்பல் சரியான கோட்டில் வந்தால் அவை ஒன்றாகத் தெரியும். இப்போது அவை மெல்லப் பிரிந்துகொண்டிருந்தன. கப்பலைக் காற்று வடக்குச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

"வேகத்தைக் கூட்டுங்கள்" என்றாள் ரெஜினா.

"கூட்டுவதா? எதிரே கல்."

"மெதுவாகப் போனால் காற்று தள்ளிவிடும். வேகம் இருந்தால்தான் சுக்கான் பிடிக்கும்."

கேப்டன் சிவசைலத்தைத் தேடினார்.

அவர் நின்ற இடத்தில் இல்லை. பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே திறந்த தளத்துக்குப் போயிருந்தார். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, இவர்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்.

கேப்டன் அந்த முதுகையே பார்த்தார். அது திரும்பவில்லை. வடக்குச் சுவரின் மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கப்பலைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

ரெஜினா கேப்டனுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"கேப்டன், இந்தக் கடலின் தரை எனக்குத் தெரிந்த மாதிரி இந்தக் கப்பலில் வேறு யாருக்கும் தெரியாது. வேகத்தைக் கூட்டுங்கள். இப்போதே."

அவள் குரல் உயரவில்லை. நடுங்கவும் இல்லை.

கேப்டன் ஒரு நொடி அவள் கண்களைப் பார்த்தார். பிறகு உத்தரவு கொடுத்தார்.

தளம் அதிர்ந்தது. கப்பல் முன்னால் பாய்ந்தது. அவள் சுக்கானைத் திருப்பச் சொன்னாள். இந்த முறை கேப்டன் யாரையும் பார்க்கவில்லை. அவள் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னார். கம்பங்கள் ஒன்றையொன்று நெருங்கின. ஒன்றாயின. கல்சுவர் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. தூண்டில்காரர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் அவள் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். இழுவைப் படகுகள் வந்து கயிறு வாங்கின. வெயில் ஏறுவதற்குள் கப்பலைத் துறையில் கட்டியாயிற்று.

கேப்டன் இறங்கும் இடம்வரை கூடவே வந்தார். ரெஜினாவிடம் கை நீட்டி அவள் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். நாவில் சரியாக வரும்வரை அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்த முறையும் நீங்களே வாருங்கள், பைலட்" என்றார்.

ஆசிரியரும் மாணவியும் துறையோரமாக நடந்தார்கள். நிலக்கரித் தூசி காலடியில் நறநறத்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க."

"என்னது?"

"கப்பல்ல நீங்க இருக்கும்போதே, என்னைவிடத் தெரிஞ்சவங்க யாருமில்லன்னு சொல்லிட்டேன். எனக்கே தெரியாம வாயில வந்துடுச்சு. கர்வமாத்தான் சொன்னேன்."

"எனக்குக் கேக்கலக்கா. வெளிய நல்ல காத்து."

இன்னும் சற்றுத் தூரம் நடந்தார்கள்.

"அந்த நேரத்துல எதுக்கு சார் வெளிய போனீங்க? நான் ஒரு தப்பு பண்ணியிருந்தா கப்பல் கல்லு மேல இருக்கும். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல."

"பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"எதை?"

சிவசைலம் நின்று, கரைப்பக்கம் கையைக் காட்டினார்.

"இத்தனை வருஷமா இந்த வாசல் வழியா வந்துக்கிட்டிருக்கேன். கல்லையும் கம்பத்தையும் தவிர வேற எதுலயும் கண்ணு போனதில்ல. இன்னிக்குத்தான் கப்பல்ல நின்னு ஊரைப் பார்த்தேன். மாதா கோயிலு, அந்தாண்ட உப்புக் குவியலு, எல்லாம் வெயில்ல பளீர்னு இருந்துச்சு. நம்ம ஊரு ரொம்ப அழகுக்கா."